அடிமனை

ஐப்பசி மழையில் நனையவிடாமல்
முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன்
பாகம் எண் நூற்றுப் பதினேழை.
காலையில் அங்கன்வாடியில் முட்டை உரித்த கை
மதியத்துக்கு மேல்
ஆயிரத்து நாற்பது பெயர்களைச் சரிபார்க்க வேண்டும்.

மயிலாடுதுறை, கூறைநாட்டுச் சந்துகளில்
வீட்டுக்கு இரண்டு எண்.
பழையது ஒன்று, புதியது ஒன்று.
மாடிக்கு எண்ணே கிடையாது.

“மேல யாரும் இருக்காங்களா?”
“இருக்காங்க, இல்லைன்னு எழுதிக்க.
இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும்.”

நாளைக்குப் போகிறவர்கள்
ஒன்பது வருஷமாக அந்தக் கொடியில் துணி காயப்போடுகிறார்கள்.
எல்.கே.ஜி. பையோடு அந்தப் படியில் ஏறிய பிலோமினாவின் மகன்
இப்போது மீசையைத் தடவிக்கொண்டு இறங்குகிறான்.
அவள் ஓட்டு வேளாங்கண்ணியில் இருக்கிறது.
போய்ப் போட்டுவிட்டு வந்தால்
பஸ்ஸுக்கு முந்நூறு,
ஜவுளிக்கடையில் மறுநாள் மேனேஜர் முகம்.

ஜெகபர் சாதிக் சிரித்துக்கொண்டே சொன்னார்:
“மூணு தேர்தல், மூணு வீடு.
நான் பேரைச் சேக்கறதுக்குள்ள
ஓனர் மகளுக்குக் கல்யாணம் வந்துருது.”

சட்டநாதன் வீட்டில் ஐந்து ஓட்டு.
மூத்தவன் ஓசூரில்,
இளையவள் மஸ்கட்டில்,
அவரும் மனைவியும் இங்கே,
அவர் அம்மா அபயாம்பாள்
போன மாசிக்கு முந்தின மாசியில் தவறிவிட்டார்.
நீக்கல் படிவத்தை நீட்டினேன்.
“இருந்துட்டுப் போகட்டுமே,
அவங்க பேரு என்ன சோறா கேக்குது?”

அந்த வீட்டுப் பின்கட்டில்தான் நான் குடியிருக்கிறேன்.
வாடகை நாலாயிரம்,
கரண்டு யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
என் பெயர் இன்னும்
தலைஞாயிற்றுக்குக் கிழக்கே கடைமடையில்
புருஷன் வீட்டு முகவரியில் கிடக்கிறது,
புருஷன் இல்லாமல்.

“ஊர்ல எல்லாரையும் சேத்துக்கம்மா.
இந்த வாசல்ல மட்டும் வேணாம்.
பேரு ஏறினா பின்னாடியே வீடும் ஏறும்.”

அவர் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன்.
பக்கத்துத் தெருவில் ஒருத்தன்
பதினோரு வருஷமாகக் காலி பண்ணாமல்
வாய்தாவுக்கு வாய்தா புதுச் சட்டை போட்டுப் போகிறான்.
ஆனால் அந்த ஒருத்தனுக்காக
நாங்கள் எத்தனை பேர்
இல்லை என்று எழுதப்படுவது?

கார்த்திகை பிறந்த வாரம்
முன்கதவில் மடத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது.
அடிமனை வாடகை பாக்கி.
ஆக்கிரமிப்பாளர்: சட்டநாதன்.
செங்கல் அவருடையது,
செங்கலுக்குக் கீழே இருக்கிற மண் மடத்துடையது.
தெருவே அதைச் சத்தமாக வாசித்தது.

ராத்திரி பின்கட்டுக்கு வந்தார்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் தட்டிவிட்டு.
மஞ்சப்பையில் தாத்தா காலத்து ரசீதுகள்,
நூல் கட்டி, பூச்சி அரித்து.
“உன் கையெழுத்து நல்லாருக்கும்,
ஒரு மனு எழுதித் தாம்மா.”

எழுதினேன்.
மூன்று தலைமுறையாக இங்கேயே வசித்து வருகிறோம்.
“ஆதாரம்?”
“வாக்காளர் பட்டியல்னு...”
அந்த இடத்தில் நின்றுவிட்டார்.
நானும் பேனாவை நகர்த்தவில்லை.
தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது,
அவருக்கும் எனக்கும் எழுந்துபோய்க் குழாயை மூடத் தோன்றவில்லை.

“அம்மா பேரையும் போடவா?”
“வேணாம்.
அந்தப் படிவத்தைக் குடு.”

அவர் கையெழுத்து காய்வதற்குள்
அதே பேனாவால்
படிவம் எட்டில் என் பெயரை எழுதினேன்.
பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று,
பின்கட்டு.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
மனுவை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

தையிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு என்றார்.
எண்ணிக் கொடுத்தேன்.
நீட்டிய கையை மடக்காமல் நின்றேன்.

“இன்னும் என்னம்மா?”

“ரசீது.”