ஒரு முனை பல்லில்

எனக்கு ஆட்களைத் தலைகீழாகத்தான் தெரியும்.
கதிரை சாயும், நாடி மேலே போகும்,
நெற்றி என் வயிற்றோடு வந்து நிற்கும்.
டூட்டிங்கில் பதினொரு வருடமாய்
கண்களுக்கு மேலே இருக்கும் வாய்கள்
என்னோடு கதைத்துக்கொண்டிருக்கின்றன.
மொரீனின் மகன் அவளோடு பேசுவதில்லை என்பதும்,
கோர்ட்டில் வேலைசெய்யும் அந்த நெட்டைப் பெண்
மூன்றாம் தரம் மோதிரம் மாற்றப்போகிறாள் என்பதும்
அப்படிக் கிடைத்தவைதான்.
கண் மூடியவர்கள் பொய் சொல்வது குறைவு.

தெருவில் நேராக வந்தால் மட்டும்
ஒருவரையும் மட்டுக்கட்ட முடிவதில்லை.
நிமிர்ந்த மொரீன் எனக்கு அந்நியம்.
அவளும் என்னைத் தாண்டித்தான் போவாள்.
அவள் கண்டதெல்லாம் என் நாடி, மூக்குத் துவாரம்,
பல்லிலிருந்து இழுபடும் வெள்ளை நூல்.

நத்தாருக்குக் கடையில் சீட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு விழுந்தது ஈஸ்ட்போர்னில் ஓர் இரவு, இருவருக்கு.
வெந்நீர்த் தொட்டி, ஐம்பது நிமிட மசாஜ்,
காலைச் சாப்பாடும் சேர்த்து.
அவருக்குச் சனி ஞாயிறு பெற்றோல் செட்டில் இரவு வேலை.
"நீ போய் நித்திரை கொண்டிட்டு வா" என்றார்,
நித்திரை ஏதோ கடற்கரையில் மட்டும் விற்பதுபோல.

அறையில் எல்லாமே இரண்டு.
அங்கி இரண்டு, செருப்பு இரண்டு சோடி,
தலையணைக்கு ஒன்றாகச் சொக்லேட்.
இரண்டையும் நானே தின்றேன்.
அங்கிகளை மாற்றி மாற்றிப் போட்டேன்,
ஒன்று கோபிக்கக் கூடாதென்று.

தொட்டியில் கலியாணப் பெண் ஒருத்தியும் தோழிகள் ஐவரும்.
ஆறு பேரின் புருவத்தையும்
யாரோ அவசரத்தில் கெடுத்திருந்தார்கள்.
கழுத்துவரை வெந்நீர். கைகள் மட்டும்
தண்ணீருக்கு வெளியே நின்றன, வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று.

பிறகு மசாஜ் மேசை. முகம் வைக்க அதில் ஒரு வட்ட ஓட்டை.
குப்புறக் கிடந்தால் தெரிவது டைவாவின் சப்பாத்து மட்டும்,
இடது குதி தேய்ந்தது, நீல லேஸ்.
"தோளை விடுங்கோ" என்றாள்.
விட்டேன். அது திரும்பி வந்து காதோடு ஒட்டிக்கொண்டது.
"வடிவா விடுங்கோ."
நிமிடத்துக்கு ஒன்றரைப் பவுண் என்று ஓடியது என் கணக்கு,
அதில் இவளுக்கு எத்தனை பென்ஸ்?

இருபதாவது நிமிடத்தில் பிடிபட்டது.
வலது பெருவிரலை ஒளிக்கிறாள்.
விரல் வரவேண்டிய இடத்தில் முழங்கை வருகிறது.
எனக்கும் அதே விரல், அதே மூட்டு.
குளிர் தொடங்கினால் போத்தல் மூடி திறக்காத விரல்.
"நோகுதா?" என்று கேட்டாள்,
நான் கேட்க வாயெடுத்ததை.

ஐந்து மணிக்குக் கடலோர வாங்கில்
கடலுக்கு முதுகு காட்டி ஒருத்தி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.
சப்பாத்தை வைத்துத்தான் மட்டுக்கட்டினேன்.
காசு நீட்டினால் கூசுவாள்; எனக்குத் தெரியும், நான் கூசுவேன்.
"உங்கட இடது புருவம் ஓடிட்டுது" என்றேன்.
சிரித்தாள். தலையைச் சாய்த்தாள்.

சிலர் குடை வைத்திருப்பதுபோல
என் கைப்பையில் எப்போதும் ஒரு நூல்கட்டை.
முதல் நூலைக் காற்று பறித்துக் கூழாங்கல்லுக்குள் போட்டது.
இரண்டாவதைக் கடித்தேன்.

பல்லில் முனை இருக்கும்போது
ஆறுதல் சொல்ல முடியாது, விலை சொல்ல முடியாது,
கண்ணை மூடுங்கோ என்றும் சொல்ல முடியாது.
அதனால் அவள் மூடவில்லை.
இமையோரம் தண்ணீர் கோர்த்து நிற்க
என் தோளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"கடல் மேலே நிக்குது" என்றாள்.
"ஒரு சொட்டும் விழேல்லை."

வலது பக்கம் இன்னும் பாதி இருந்தது.