சாரம்

ஆறு நாள் சாரம் கட்டுகிறவன்
ஏழாம் நாளும் சாரம்தான் கட்டினேன்.
முன்னது இரும்புக் குழாய், கிளாம்ப், பலகை.
பின்னது கட்டம் போட்ட பருத்தி,
ஷார்ஜா ரோலாவில் பதினெட்டு திர்ஹாம்.
தூத்துக்குடிக்காரனுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்.

ஷவ்கா வாதியில் வண்டிகள் நிற்கும் இடத்தில்
சேஃப்டி ஆபீசர் ஃபெர்கஸ் இறங்கினார்.
அவர் இடுப்பிலும் கட்டம்.
பச்சைக் கம்பளி, பின்னால் மடிப்பு மடிப்பாய்,
முன்னால் ஒரு தோல்பை
கோயில் உண்டியல் மாதிரி.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் அவரைப் பார்த்தேன்.
கூட வந்த பதினோரு கால்சட்டைகளும்
எங்களைப் பார்த்தன.

போன செவ்வாய்தான்
நான் கட்டிய நாலாம் தட்டில்
கால்பலகை ஒன்று குறைகிறதென்று
சிவப்புச் சீட்டு மாட்டிவிட்டுப் போனவர்.

மழை பெய்து பத்து நாள்.
பாறைக்குழிகளில் தண்ணீர் நின்றது.
தண்ணீர் நின்றால் அவையும் நிற்கும்.
"நுளம்பு" என்றான் மட்டக்களப்பு தவேந்திரன்.
"கொசு" என்றேன்.
ஃபெர்கஸ் தன் மொழியில் ஒன்று சொன்னார்,
அது பூச்சியின் பெயராக இருக்க முடியாது.
எந்தப் பெயருக்கும் திரும்பாமல்
அவர் முழங்காலுக்குப் பின்னால் உட்கார்ந்தது அது.

சாரத்தில் ஒரு வசதி.
புழுங்கினால் தூக்கிக் கட்டலாம்,
கடித்தால் இறக்கிவிடலாம்,
முனையைப் பிடித்து வீசினால் நாலு சாகும்.
தைத்துவிட்ட கம்பளிக்கு இறக்கம் கிடையாது.
வாசல் கதவில்லாத வீடு அது.

அவர் குப்பியை எடுத்துப் பீய்ச்சினார்.
காற்று திரும்பி என் நாக்கில் கசந்தது.
நானோ வேப்பெண்ணெயில் சூடம் கரைத்துப் பூசியிருந்தேன்.
தவேந்திரன் எங்கள் ரெண்டு பேருக்கும்
பத்தடி முன்னால் நடந்தான்.

ஆடுகள் படுத்தெழுந்த நிழலில்,
அந்த ஒற்றை முள்மரத்தடியில்,
ஆரஞ்சு உரிக்க உட்கார்ந்ததுதான் தப்பு.
கொசு கடித்துவிட்டுப் போய்விடும்.
உண்ணி குடியேறும்.

பாறைக்குப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினார்.
போனேன்.
மடிப்பை விலக்கினார்.
தொடையின் பின்பக்கம், மிளகளவு, கறுப்பாய்.
அவருக்குக் கண்ணும் எட்டாது கையும் எட்டாது.

நெருப்பு வைக்காதே.
எண்ணெய் விடாதே.
திருகாதே.
தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழு.
என்னிடம் தொடையைக் காட்டிக்கொண்டே
சேஃப்டி வகுப்பும் எடுத்தான்.

எடுத்தான்.
பாருங்கள், அந்தப் பாறைக்குப் பின்னால்
'ஆர்' எங்கோ வழுக்கி விழுந்துவிட்டது.
நானும் தேடவில்லை.

தவேந்திரன் முள் எடுக்க வைத்திருந்த சாமணம்.
பிடித்தேன். இழுத்தேன்.
தலை, எட்டுக் கால், முழுசாய் வந்தது.
உள்ளங்கையில் ஏந்திக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு கால்களை எண்ணினான்.
"பச்சைச் சீட்டு" என்றான்,
சிரிக்காமல்.
காய்ச்சல் வந்தால் டாக்டருக்குக் காட்ட வேண்டுமாம்.
பிஸ்கட் தாளில் மடித்து
அந்த உண்டியலில் போட்டுக்கொண்டான்.

இரவு, கேம்ப் அறையில் அவிழ்க்கும்போது
சில்லறை முடிந்து வைக்கும் சுருட்டுக்கு உள்ளே
எனக்கும் ஒன்று இருந்தது.
எட்டுகிற இடம்தான்.
நானே எடுத்தேன்.
சீட்டுக் கொடுக்க ஆளில்லை.

திங்கள் விடிகாலைக் கூட்டம்.
இடுப்புப் பட்டையை எப்படி மாட்டுவதென்று
தொண்ணூறு ஹெல்மெட்டுகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது
அவர் கை தானாகத் தொடைக்குப் போய்ச் சொறிந்தது.
என் கை என் இடுப்புக்கு.

பிறகு நாலாம் தட்டுக்கு ஏறினார்.
ஏறினார்.
புதுக் கால்பலகையைக் குனிந்து பார்த்தார்,
பூட்ஸ் முனையால் தட்டிப் பார்த்தார்.
இந்த மூலையில் இன்னொரு கிளாம்ப் என்றார்.