நாலு விரல் அகலத் தோட்டம்

புதுவயலில், அரிசி ஆலைக்குப் பின்சந்து எங்கள் வீடு.
வாசலில் இரண்டே முக்கால் சென்ட் வெறுந்தரை.
கடப்பாரை போட்டால் அரை அடிக்குக் கீழே
செம்புறாங்கல் ணங்கென்று பதில் சொல்லும்.
வெட்டியெடுத்தால் சுவருக்கு ஆகும் கல்,
ஒரு வெண்டைக்கு இடம் விடாது.

"பின்னால என்ன, ஒரே செவப்பா இருக்கு?"
என்று கேட்டார் சேவுகன்,
சிங்கப்பூரிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில்.
அவர் பின்னால் எப்போதும் ஒரு நீலச் சுவர்,
துடைத்து வைத்ததுபோல.
எனக்கு வெட்கமாகப் போயிற்று.

சர்க்கரை டப்பாவில் செல்போனைச் சாய்த்து
சன்னலில் வைத்துவிட்டு வெளியே போனேன்.
இடப்பக்கம் நடந்தேன், படத்தை விட்டு நான் மறைகிறவரை.
அங்கே ஒரு செங்கல்.
வலப்பக்கம் நடந்தேன். அங்கே ஒரு செங்கல்.
நடுவில் பதினோரு அடி.
அவ்வளவுதான் தோட்டம்.

காரைக்குடி நர்சரியில் அம்புரோஸ் கேட்டார்,
"எவ்வளவு அகலம்மா?"
போனைத் திருப்பிக் காட்டி, "நாலு விரல்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொன்னார்:
"பின்வரிசைக்கு நந்தியாவட்டை எடுங்க.
சிக்னல் மோசமானாலும் வெள்ளை தெரியும்."

ஆலையில் மூன்று சாக்கு உமிக்கரி,
சந்தையில் ஆட்டெரு,
குழிக்கு ஒரு வாரமாக ஏழு குழி.
முதல் மழைக்கு ஏழும் ஏழு சட்டியாகித்
தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நின்றன;
உளி வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் செதுக்கினேன்.
சீட்டு கட்டாத மாதம் அது.

செம்பருத்தி வைத்தேன். படத்தில்
செம்மண்ணோடு சேர்ந்து காணாமல் போனது.
பிடுங்கி அடுத்த வீட்டு மைமூனுக்குக் கொடுத்துவிட்டு
அலமண்டா நட்டேன், மஞ்சள்.
முன்வரிசையில் மேசை ரோஜா.
அது ஒன்பதுக்கு முன்னே கண் திறக்காது;
ஆகவே ஏழு மணிப் பேச்சைப் பத்துக்கு மாற்றினோம்.
அவருக்கு அப்போது பன்னிரண்டரை, சமையல் முறை;
வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே பூப் பார்த்தார்.
பக்கத்துக் கட்டில் ரஃபிகுல் எட்டிப் பார்த்து
அந்த மஞ்சளுக்குப் பெயர் கேட்பார், வாராவாரம்.
வாராவாரம் சொல்வேன்.

இடது செங்கல்லுக்கு அப்பால் செப்டிக் டேங்க் மூடி,
கட்டி மிஞ்சிய மணல், உடைந்த குளியலறைக் கதவு.
வலது செங்கல்லுக்கு அப்பால் துணிக்கொடி,
கோழிக்கூண்டு, ஒன்றுமில்லாத சிவப்பு.
போனை ஒருநாளும் நான் அசைத்ததில்லை.

தையில் வந்தார்.
முன்தெருவை அடைத்து நெல் லாரி நிற்க,
கார்க்காரர் பின்சந்தில் இறக்கிவிட்டார்.
பெட்டியோடு பக்கவாட்டுச் சந்து வழியே நுழைந்தவர்
முதலில் பார்த்தது தோட்டத்தின் முதுகை:
அலமண்டாவைக் கட்டிய பழைய சேலைக் கிழிசல்,
முட்டுக் கொடுத்த விளக்குமாற்றுக் கட்டை,
சிமெண்டுச் சாக்கு, கிழித்துப் போட்ட நாற்றுப் பைகள்.

"தோட்டம் எங்க?"

"இதுதான். அந்தப் பக்கம் பாத்து நிக்கிது."

செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார்.
சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து
சன்னல் வழியே வெகுநேரம் பார்த்தார்.
காப்பி ஆறிவிட்டது.
பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"அந்த நீலச் சுவரு பதினாறு பேருக்குப் பொது.
நாங்களே காசு போட்டு அடிச்சது, கட்டில் அகலத்துக்கு மட்டும்.
வரிசையில நின்னுதான் ஒக்காருவோம்.
மத்த செவுரெல்லாம் நீ பாக்க வேணாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

சாயங்காலம் இடது செங்கல்லைத் தூக்கிக்
கையில் வைத்துக்கொண்டு நின்றார்,
எங்கே வைப்பது என்று தெரியாமல்.
"செப்டிக் ஓரம் கல்வாழை நல்லா வரும்" என்றேன்.
கடப்பாரை ணங்கென்றது.
முப்பத்தெட்டு நாள் லீவு அவருக்கு.
கல்வாழை பூக்க அறுபதுக்கு மேல் ஆகும்.
கிழங்கை இறக்கி
இருவரும் மண் தள்ளினோம்.