வெள்ளிக்கிழமைக்குள் பதில்

அந்தோஃபகாஸ்தாவிலிருந்து வந்த கடிதத்தில்
என் பெயரைத் தப்பாக அடித்திருந்தார்கள்:
நெலிதோ, ஆண்பிள்ளை மாதிரி.
சம்பளத்தைச் சரியாக அடித்திருந்தார்கள்.
இப்போது வாங்குவதைப் போல இரண்டே கால் மடங்கு.

அக்கரை பச்சை என்று மனதைத் திட்டவும் வழியில்லை.
அந்தக் கரையில் ஒரு புல் கிடையாது.
தாமிரச் சுரங்கம், புழுதி, மழையே பார்க்காத கூரைகள்.
குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து
ஓட்டுநர் இல்லாத லாரிகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
லாரி அழாது.
"சீக்கிரம் வாங்க, அப்பா மூச்சு விடலை" என்று
லாரி சொல்லாது.

இங்கே, புந்தா அரேனாஸில்,
பதினோரு வருடமாக ஆம்புலன்ஸ் தொலைபேசி எடுக்கிறேன்.
முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
எங்கே இருக்கிறீர்கள்?
என்ன நடந்தது என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.
எங்கே என்பதைத்தான்
வாயிலிருந்து பிடுங்க வேண்டும்.

டகோபெர்த்தோவிடம் காட்டினேன்.
போர்வெனிர் படகில் கயிறு கட்டுகிறவர்.
தாளில் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துப் படித்துவிட்டு
"நீயே முடிவு பண்ணு" என்றார்.
அன்பாகத்தான் சொன்னார்.
வெளியே நின்றுகொண்டு
கதவை மெல்லச் சாத்துவது போல இருந்தது.

மதில் மேல் பூனை என்பார்கள்.
இந்த ஊர்க் காற்றில் எந்தப் பூனையும்
மதில் மேல் இரண்டு நிமிடம் நிற்காது.
முனை திரும்பும்போது மனிதர்களே பிடித்துக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
நான் ஐந்து நாளாக நிற்கிறேன்.

செவ்வாய் இரவு நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
போவதென்றால், எனக்குப் பின் வருகிறவருக்கு
வரைபடத்தில் இல்லாததை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமே.

தச்சுப் பட்டறைக்குப் பின்னால் நீல வீடு என்பார்கள்.
அது இப்போது பச்சை. வீடு மாறவில்லை.
பாரியா குடும்பம்: முன்படி உடைந்தது, ஸ்ட்ரெச்சர் ஏறாது,
பின்வாசலில் நாய், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விடும்.
யூலோஹியோ விடிகாலை மூன்றுக்குக் கூப்பிடுவார்.
நெஞ்சு வலி என்பார். மணி கேட்கத்தான். சொல்லுங்கள்.
மணி கேட்காத அன்று வண்டி அனுப்புங்கள்.

நாற்பத்து மூன்று பக்கம்.
எழுத எழுதப் போக முடியாது என்று ஆகிக்கொண்டே வந்தது.
அதில் எனக்கொரு ரகசிய சுகம்.

வியாழன் காலை, ஷிஃப்ட் மாறும் நேரம்,
எலியேசர் அதைப் புரட்டினான். வாயில் பாதி ரொட்டி.
"இதெல்லாம் மார்ச்சிலேயே சிஸ்டத்துல ஏத்தியாச்சே.
நீங்க சொல்லச் சொல்லப் போட்டுக்கிட்டே வந்தோம்."
திரையைத் திருப்பிக் காட்டினான்.
உடைந்த படி இருந்தது. நாயும் பெயரோடு இருந்தது.
யூலோஹியோவின் மூன்று மணிகூட
ஒரு சிவப்புப் புள்ளியாக.

தேநீர் போடப் போனேன்.
தண்ணீர் கொதித்து ஆறியது. மறுபடி கொதிக்க வைத்தேன்.
கட்டியிருக்கிறார்கள் என்று நம்பி
ஒருநாளும் இழுத்துப் பார்க்காத கயிறு.
மறுமுனை சும்மா தரையில் கிடந்தது.

நான் இல்லாவிட்டாலும் வண்டி போகும்.
சரி.
அப்படியானால் இங்கே இருக்க
பிடித்திருக்கிறது என்பதைத் தவிர
வேறு காரணம் மிச்சமில்லை.
பிடித்திருக்கிறதா?

காற்று பிடிக்கும். டகோபெர்த்தோவைப் பிடிக்கும்.
இந்த ஹெட்செட் அழுத்தும் வலது காதைப்
பதினோரு வருடமாகப் பிடிக்கவில்லை.

இன்று வெள்ளி. மூன்றாக நாலு நிமிடம்.
"மதிப்பிற்குரிய" வரை அடித்திருந்தபோது மணி அடித்தது.
நெஞ்சு வலி என்றார்.
இரண்டு ஐம்பத்தாறு, தோன் யூலோஹியோ,
இன்றைக்குக் கொஞ்சம் முந்திவிட்டீர்கள் என்றேன்.
அப்படியா என்று வைத்துவிட்டார்.

பிறகு எழுதினேன்:
என் பெயர் நெலிதா. ஒப்பந்தத்தில் திருத்திவிடுங்கள்.
ஜூலைக்கு முன் வர முடியாது.

டகோபெர்த்தோவை எழுப்பிக் கேட்கவில்லை.
அங்கேயும் துறைமுகம் உண்டு. கயிறும் இருக்கும்.

நோட்டில் ஐம்பத்தேழு பக்கம் வெறுமையாக இருக்கிறது.
அதை எலியேசருக்குத் தரப்போவதில்லை.