ஆயிரத்தில் பதினேழு

இந்தக் கட்டடத்தின் கூரையில்
ஆயிரத்தில் பதினேழு பங்கு எனக்குச் சொந்தம்.
பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது,
வூப்பர்டால் நோட்டரியின் முத்திரையோடு.
எந்தப் பதினேழு என்று எழுதவில்லை.

ஏழாம் மாடி, இடப்பக்கம்.
பார்மன் குன்றுகளைத் தாண்டி வரும் மழை
முதலில் மிதிப்பது எங்கள் தலையை.
பிறகு மூன்று பாத்திரங்களை:
நீல வாளி, வெள்ளை வாளி,
இட்லி மா கரைக்கும் சட்டி
(அதற்கு மட்டும் வேறு சத்தம்).
தாளம் பிசகும்போது
சுபோதினி படுத்தபடியே சொல்வாள்:
"பதினேழும் ஒழுகுதப்பா."

தேவாலய மண்டபத்தில் கூட்டம்.
ஐம்பத்தாறு வீட்டுக்காரர், ஆறிப்போன கோப்பி.
நிர்வாகி ஹெர் ப்ரோய்க்கர் வாசித்தார்:
பழைய தார்ப்படலத்தை உரிக்க,
ஈரம் குடித்த அடுக்கைக் கழிக்க,
புதுப் படலம் இரண்டு, வடிகால் ஆறு,
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் யூரோ.
என் பங்கு மூவாயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு.
உள்ளங்கையில் எழுதினேன்.

தரைத்தளத்து பிராவ் ஹெகெமன் எழுந்தார்.
கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை.
"எனக்கு மேலே ஏழு வீடு.
ஏழும் எனக்குக் கூரை.
எட்டாவது எதற்கு?"
மண்டபம் சிரித்தது.
சிரித்தவர்கள் அவரோடு கை தூக்கினார்கள்.
ஒட்டுப் போட்டால் போதும் என்று
குறிப்பேட்டில் ஏறியது.

ஒட்டுப் போட வந்தவன் அக்ரோன், கொசோவாக்காரன்.
"சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்காது" என்றான்.
"தண்ணீர் நடக்கும்."
படலத்துக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவே
யாரிடமும் விசா கேட்காமல்.
பச்சைச் சாயம் கரைத்து
மேலே வாளி வாளியாய் ஊற்றினான்.
நாங்கள் அன்று முழுக்க முகட்டையே பார்த்திருந்தோம்.
மூன்று பாத்திரத்திலும்
ஒரு பச்சைத் துளி இல்லை.
"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன்..."
சுபோதினி தொடங்கினாள், முடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அழைப்புமணி.
பிராவ் ஹெகெமன், வீட்டுச் செருப்போடு,
கையில் ஒற்றைச் சப்பாத்து.
வெள்ளைத் தோல். குதிகால் வரை பச்சை.
குழாய்கள் இறங்கும் சுவர்க்குழி வழியே
நடுவில் எந்த வீட்டையும் தொடாமல்
அவருடைய அலுமாரிக்குள் இறங்கியிருந்தது
எங்கள் கூரை.

பதினொரு வருடத்தில் முதல்முறை மேலே வந்தவர்
வாளிகளைப் பார்த்தார்.
வெள்ளை வாளி, சொல்லிவைத்தாற்போல், ஒரு சொட்டு.
"எப்போதிருந்து?"
"போன தேர்தலுக்கு முந்தின தேர்தலிலிருந்து."
தேநீர் வேண்டாமென்றார்.
சப்பாத்தைப் பத்திரிகையில் சுற்றி எடுத்துப்போனார்,
சாட்சிப்பொருள்போல.

அடுத்த கூட்டத்தில் அது மேசையில் இருந்தது.
யாரும் அதிகம் பேசவில்லை.

சித்திரையில் வேலை.
வாயுச் சுடரின் இரைச்சல்.
தலையணை வரை தார் மணம்.
கறுப்புச் சுருள்கள் பாய்போல் விரிந்து
உருகி ஒன்றையொன்று பற்றின.
ஒருநாள் அக்ரோன் என்னை மேலே ஏற்றினான்.
எண்ணூற்றிருபது சதுர மீட்டரில்
என்னுடையது பதினான்குக்குச் சற்றுக் குறைவு.
எட்டு எட்டாய் வைத்து அளந்தேன்.
கீழே தொங்கு ரயில் வளைவில் சீறியது.
அளந்து முடித்து,
இது யார் தலைக்கு மேல் என்று கேட்டேன்.
யில்டிரிம் வீட்டுக் குளியலறையாம்.

கார்த்திகையில் அதே மண்டபம், அதே கோப்பி.
ஐந்தாம் விடயம்: நிலவறை.
மழைக்கு வெள்ளம் ஏறுகிறது,
புது நீரிறைப்பான், எண்பதாயிரம்.
பதினேழு பெருக்கல் எண்பது
தலைக்குள் தானாகவே ஓடியது:
ஆயிரத்து முந்நூற்று அறுபது.

எனக்குக் கீழே ஏழு வீடு.
ஏழும் எனக்கு நிலம்.
வெள்ளம் படியேறி என் வாசலுக்கு வர
ஊழி மழை வேண்டும்.
வசனம் நாக்கு நுனியில்
தயாராய் நின்றது.
மண்டபம் சிரிக்கும் என்பதும் தெரியும்.

முன்வரிசையில் கம்பளித் தொப்பி
திரும்பிப் பார்க்கவில்லை.
கைகளை எண்ணும் பெண்
பேனையோடு
என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தாள்.