சிம்மக்கல் எறங்கு

எல்லீஸ் நகர் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
துணி காயப்போடும் சாக்கில் நிற்கிறேன்.
கீழே ஐஸ் பாய்.

அந்த ஆட்டத்தில் கண்டால் மட்டும் போதாது.
கண்டவர் பெயரைச் சொல்ல வேண்டும்,
அவர் ஓடிவந்து முதுகில் தட்டுவதற்குள்.

என் மகன் சோணை கண்டுவிடுவான்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாவாடை நுனி,
ஸ்கூட்டர் கவருக்கு அடியில் இரண்டு கால்,
அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.
“ஷ்… ஷ்… ஷி…”
ஷிஃபானா நிதானமாக நடந்தே வந்து
முதுகில் வைப்பாள், டப்.
மறுபடி கண்ணைப் பொத்து. மறுபடி எண்ணு.
எண்ணும்போது திக்காது.
அதை நான் கவனித்ததே இல்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு
ஒப்புக்குச் சப்பாணி ஆக்கினார்கள் அவனை.
பிடிக்க வேண்டாம், பிடிபடவும் வேண்டாம்.
அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.
“எ… என்னய யாருமே தேடலம்மா.”

நாலு வார்த்தை கேட்கலாமென்று
செருப்பை மாட்டினேன். கழற்றினேன்.

பெரியாஸ்பத்திரியில் கொடுத்த தாள்
ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.
மூச்சை இழு. மெதுவாக விடு. முதல் எழுத்தை நீட்டு.
தினமும் இருபது நிமிடம் என்று
சிவப்பு மையில் நான் எழுதியது அதற்குக் கீழே.

பிறகு ஒரு மழைநாள்.
மாடிப்படியில் பஸ் விளையாட்டு,
படியெல்லாம் சீட்டு, வேப்பிலை டிக்கெட்டு.
ஒப்புக்குச் சப்பாணிக்குக் கண்டக்டர் வேலை.
“கோரிப்பாளையம் எறங்கு, உள்ள போ உள்ள போ,
படியில நிக்காத, ரைட் ரைட்!”
கார்மேகம்தான் பிடித்தான்:
“டேய், இவனுக்குப் பஸ்ஸுல திக்கலடா.”
களவைக் கண்டுபிடித்தவன் மாதிரிதான் சொன்னான்.

முக்கால் மணி நேரம் கத்தினார்கள் அதன் பிறகு.
ஆளுக்கொரு ஸ்டாப்பாம்.
ஷிஃபானா சிம்மக்கல். டெல்பின் கோரிப்பாளையம்.
காளவாசலுக்கு இரண்டு பேர் போட்டி.
எங்க சித்தி வீடு அங்கதான் இருக்கு என்று
யாழினி அழுது வாங்கிக்கொண்டாள்.
கார்மேகத்துக்குப் பழங்காநத்தம்.
முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் விரல்விட்டு எண்ணினான்:
“பேரு நீளம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள
வந்து அடிச்சிருவேன்ல?”
சரியென்று கையெழுத்தே போட்டான், சுவரில், கரியால்.

மறுநாள் சாயங்காலம்
“சிம்மக்கல் எறங்கு!” என்று ஒரு குரல்.
டிரம்முக்குப் பின்னாலிருந்து
பாவாடைத் தூசியைத் தட்டியபடி இறங்கி வந்தாள் ஷிஃபானா,
நிஜமாகவே ஸ்டாப் வந்துவிட்டதுபோல.
என் கையில் பிழியாத சட்டை,
தண்ணீர் சொட்டி இரண்டாம் மாடிக்காரி திட்டினாள்.

இப்போது யார் தேடினாலும் ஸ்டாப் பேர்தான்.
பழைய பேரைச் சொன்னால் செல்லாது.

போன செவ்வாய் பெரிய சண்டை.
டெல்பின் தொட்டியைத் தொட்டாளா, இல்லையா.
பார்த்தவன் இவன் ஒருத்தன்.
இது பஸ் இல்லை, ரைட் இல்லை.
“அ… அவ… தொ… தொ…”
ஆறு பேர் வாயை மூடி நின்றார்கள்.
கருணை ஒன்றுமில்லை, தீர்ப்பு வேண்டும்.
கார்மேகம் நகம் கடித்தான்.
‘மெதுவா’ என்று ஒருவர் சொல்லவில்லை.
நான் சொல்லியிருப்பேன்.
தண்ணியா, தோசையா, தொட்டியா என்று
நாலு வருஷமாக அவன் சொல்லை நான்தான் முடிக்கிறேன்.
“…தொடல.”
டெல்பின் செருப்பை வீசியெறிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.
புதன்கிழமை வந்தாள்.

நேற்று தலை துவட்டும்போது கேட்டேன்,
நான் எந்த ஸ்டாப்புடா?
துண்டுக்குள்ளிருந்து யோசித்தான்.
“பெ… பெ…”
பெரியாரா என்று நாக்கு நுனிக்கு வந்தது.
கடித்துக்கொண்டேன்.
குக்கர் ஒரு விசில் விட்டது.
“பெ… பெரியவிங்களுக்கு
நிக்காதும்மா.”