நாலாம் மூலை

கரண்ட் போய் நாற்பது நிமிசம்.
திருநெல்வேலியில் வைகாசி வெயில்.
எமில்தாஸ் தேத்தண்ணி அடுப்பில் சட்டி வைத்துத் தந்தான்.
குழாயை அதற்குள் பிடித்தேன்:
எண்பத்தைந்து பாகை.

பற்றீரியாப் புரதமெல்லாம்
வெள்ளையாய்த் திரைந்து அடியில் படிய
ஒன்று மட்டும் மேலே நின்றது,
பனங்கட்டி கரைத்த நிறத்தில், தெளிவாக.

இதற்கு இது சூடே இல்லை.
கடலடி எரிமலைப் பிளவில்
கொதிக்கிற தண்ணீரில் சீவித்த ஓர் உயிரின் சொத்து.
அதன் மரபணுவைக் குடல்கிருமிக்குள் வைத்து
முப்பத்தேழு பாகையில் வளர்த்தவள் நான்.
விறைத்துப்போயிருக்கும் பாவம்.

உள்ளே ஒரு சின்னக் கூடு:
நாலு இரும்பு, நாலு கந்தகம்,
மூலை மாறி மூலை.
மூன்று இரும்பைச் சிஸ்ரெயின் பிடித்திருக்கிறது,
கந்தகக் கையால், இறுக்கி.
நாலாவதைப் பிடிப்பது அஸ்பாட்டேற்.
அந்தக் கை வேறு.
பிடியும் வேறு.

ஓர் இலத்திரன் வரும்,
கொஞ்சம் தங்கும்,
போகும்.
கூட்டுக்கு இதுதான் தொழில்.

நைதரசன் உருளை வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள் கொழும்பில்.
எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.
மூடியில் ஊசி போன துளை ஒன்று.
சோளகம் அதுவழி புகுந்திருக்க வேண்டும்.
கரண்ட் வந்து கருவியில் வைத்தால்
கோடு பழைய இடத்தில் இல்லை.
கொதிநீரில் அசையாதது
வெறுங்காற்றில் ஓர் இரும்பை விட்டுவிட்டது.

"மூண்டோட உது என்ன செய்யும்?"
"நிக்கும்."
"வேலை?"
"கொஞ்சம்."
எமில்தாஸ் யோசித்தான்.
"நட்டு ஒண்டு கழண்ட சில்லு.
சாவகச்சேரி மட்டும் ஓடலாம்."

உருளை வந்தது மூன்றாம் வெள்ளி.
கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை நீட்டி
வெள்ளைத் தூள் ஒரு சிட்டிகை,
இரும்பு உப்புக் கரைசல் ஒரு துளி.
இருபது நிமிசம் காத்திருந்தோம், பேசாமல்.

கோடு ஏறியது.
பழைய மேட்டில் போய் நின்றது.

போன இரும்பு எந்தக் குழாயில், எந்தத் தொட்டியில்,
நான் கழுவி ஊற்றிய எந்தத் தண்ணீரில் என்று தெரியாது.
வந்தது கடைச் சாடி இரும்பு,
காலாவதி தேதி ஒட்டினது.
கூடு ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரை பஸ்.
கையில் அழுகின முட்டை மணம்,
மூன்று தரம் சோப்புப் போட்டும்.
பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்து
எழும்பி முன்னுக்குப் போனாள்.
கோண்டாவில் வரைக்கும் அந்த இடம் வெறுமையாய் வந்தது.
உரும்பிராய்ச் சந்தியில் ஒருத்தி,
கையில் மரவள்ளிக் கிழங்குப் பை,
என்னைப் பார்க்காமலே வந்து
இருந்தாள்.